வாரேன் என்று சொன்னவள்

செண்பகவல்லி போன வருடத்தில் மட்டும் பதினோராயிரத்து இருநூற்றுப் பதினாறு முறை சொன்ன சொல் தவறியிருக்கிறாள் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கடிதம் போன் திரையில் வந்து விழுந்தபோது அவள் அடுப்பில் அவியலைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை படித்தாள். நம்ப முடியாமல் இன்னொரு தடவை படித்தாள். அதற்குள் அவியல் அடிப்பிடித்துவிட்டது.

"ஏட்டி, என்ன கருகுது?" என்று கூடத்திலிருந்து கேட்டார் அவள் கணவர் கோமதிநாயகம்.

"நாந்தான்" என்றாள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பயிர்க் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் பரிசோதகர் வேலை. பயிர் அழிந்துபோயிற்று என்று ஒரு விவசாயி மனுப் போட்டால், வானத்திலிருந்து எடுத்த படத்தில் அந்த வயலைத் தேடிப் பார்ப்பாள். பிறகு அவருக்கு போன் போட்டு நாலு கேள்வி கேட்பாள். உண்மை என்று தெரிந்தால் ஒப்புதல் கொடுப்பாள். ஒரு நாளைக்கு நாற்பது பேர். கம்பெனி சென்னையில் இருந்தது. செண்பகவல்லி இந்த வேலையைச் செய்வது சங்கரன்கோவிலில், தன் வீட்டுப் பின்னறையில், காலை நாற்காலி மேல் மடக்கி வைத்துக்கொண்டு.

கோமதிநாயகம் மின்வாரியத்தில் லைன்மேன். கல்யாணமான நாளிலிருந்து பதினான்கு வருடம் அவர் இங்கே, அவள் சென்னையில் ஒரு மகளிர் விடுதியில். மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை. ரயிலிலேயே குடும்பம் நடத்தினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். குழந்தை இல்லை. அதைப் பற்றி அழ வேண்டியதை எல்லாம் அழுது முடித்துவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் கம்பெனி அவள் பிரிவும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றதும், செண்பகவல்லி அன்று மாலையே விடுதியைக் காலி செய்துவிட்டு வண்டி ஏறினாள். வந்த பிறகுதான் தெரிந்தது, மனிதர் கருவேப்பிலையைத் தட்டுக்கு அடியில் ஒளித்து வைப்பார் என்று. மின்விசிறியை எந்த எண்ணில் வைப்பது என்று தினமும் சண்டை போட்டார்கள். பதினான்கு வருடச் சண்டை பாக்கி இருந்ததே, சும்மாவா!

இப்போது அந்த மூன்று வருடத்துக்குத்தான் ஆபத்து.

கோமதிநாயகம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைப் படித்தார். "வேலைத் திறன் தொண்ணூத்து நாலு. மனநிறைவு தொண்ணூத்தி ஒண்ணு. நல்லாத்தான இருக்கு? அப்புறம் இது என்னது, சொல் தவறாமை... மூணா?"

"நூத்துக்கு மூணு."

"பதினோராயிரம் தடவயா? என்கிட்ட கூட நீ அவ்வளவு பொய் சொன்னதில்லயே."

"வெளையாடாதீங்க. எனக்கு அழுகையா வருது. ஒண்ணாம் தேதி சென்னை ஆபீசுக்கு வந்து சேரணும்னு போட்டிருக்கு, பாருங்க கீழ."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பின்னறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாய் ஒரு வட்டம் ஒட்டியிருந்தது. கம்பெனி அதற்கு வைத்த பெயர் நிறைமானி. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் அதைக் கோள்சொல்லி என்றுதான் சொல்வார்கள்.

"அது என்னத்தத்தான் அளக்குது?" என்றார்.

"வீட்ல இருந்து வேலை பாக்கவங்க ஒழுங்கா பாக்காங்களா, சந்தோஷமா பாக்காங்களான்னு அளக்குது. வேலை நேரத்துல நான் பேசுற எல்லாத்தையும் கேக்கும். குரலை வச்சு மனசு எப்படி இருக்குன்னு எடுத்துக்கிடும். 'அனுப்புதேன்'னு சொன்னா அனுப்பினேனான்னு பாக்கும். 'பேசுதேன்'னு சொன்னா பேசினேனான்னு பாக்கும். இதுக்கு மார்க்குப் போடுறது போன வருஷந்தான் ஒவ்வொரு ஊரா ஆரம்பிச்சாங்க. கண்ணுல படாத ஆளை நம்புறதுக்கு அவங்க சொல்லு ஒண்ணுதான் இருக்குன்னு கம்பெனி சொல்லுது. மூணுல எது நாப்பதுக்குக் கீழ போனாலும், மேனேஜர் கண்ணு முன்னால வந்து உக்காரணும்."

"நீதான் சொன்னா செய்யிறவளாச்சே."

"அதான் எனக்கும் புரியல" என்று சொன்னவள், உண்மையிலேயே அழுதுவிட்டாள்.

மாற்றல் கேட்கலாமா என்று அவர் யோசித்தார். பதினான்கு வருடம் கேட்டுக் கிடைக்காதது பதினைந்து நாளில் கிடைக்குமா? வேலையை விடலாம் என்றால் வீட்டுக்கடன் இருக்கிறது. கம்பத்தில் ஏறுகிற வேலையை வீட்டில் உட்கார்ந்து பார்க்கவும் முடியாது. கடைசியில் மேல்முறையீடு செய்வது என்று முடிவானது. அதற்குக் கம்பெனி கொடுப்பது பதினைந்து நிமிடம்.

அடுத்த மூன்று நாளும் செண்பகவல்லி தன் வேலையைத் தானே தோண்டினாள். ஒரு வருடத்து மனுக்களை ஒன்றுவிடாமல் எடுத்துப் பார்த்தாள். அனுப்புகிறேன் என்றதை அனுப்பியிருந்தாள். திரும்பக் கூப்பிடுகிறேன் என்றவர்களைக் கூப்பிட்டிருந்தாள். திருவேங்கடம் பக்கத்து ஆள் ஒருவரை மட்டும் ஒரு நாள் தாமதமாகக் கூப்பிட்டிருந்தாள், அதுவும் காய்ச்சலில். அந்தப் பதினோராயிரம் எங்கேதான் ஒளிந்திருக்கிறது? ஒருவேளை மறந்து மறந்து போகிறோமோ, மூளையில் ஏதாவது கோளாறோ என்றுகூட அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

அவளைப் போலவே வீட்டிலிருந்து வேலை பார்த்த கோவில்பட்டி ரெஜினாவுக்கும் போன வருடம் இதே கடிதம்தான் வந்தது. அவள் எட்டு வயது மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனாள். ரெஜினா ஏதோ ஏமாற்று வேலை செய்திருப்பாள் என்று செண்பகவல்லியே அப்போது நினைத்தாள். அதை இப்போது நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பயத்தில் அவள் பேச்சே மாறிப்போயிற்று. வட்டத்துக்குத் தப்பாகக் கேட்டுவிடக் கூடாது என்று ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்தாள். "உணவு தயாராக இருக்கிறது. உண்ண வாருங்கள்" என்றாள் ஒரு மத்தியானம். கோமதிநாயகம் கையில் இருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டார்.

"ஏட்டி, மேலுக்குச் சரியில்லயா? ரேடியோல வாசிக்க மாதிரி பேசுத?"

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு விசாரணை. செண்பகவல்லி பட்டுப் புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள். குரல் மட்டும்தான், முகம் தெரியாது என்று கணவர் சொல்லியும் கேட்கவில்லை. சரியாகப் பத்து முப்பதுக்கு அழைப்பு வந்தது.

"வணக்கம். நான் மறுஆய்வு அலுவலர் தியாகேசன். தங்களது முறையீட்டைக் கேட்பதற்காக அழைத்திருக்கிறேன். தாங்கள் தயாராக இருக்கிறீர்களா?"

ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரு இருமல் இல்லை, ஒரு 'ம்' இல்லை. இதுவும் மிஷின்தான்! ஒரு மிஷின் மேல் புகார் சொன்னால் அதை விசாரிக்க இன்னொரு மிஷினை வைத்திருக்கிறார்கள். இதுக்குப் போய்ப் பட்டுப் புடவை!

"தயார்தான். உனக்குத் தியாகேசன்னு பேரா? பேரெல்லாம் நல்லாத்தான் வச்சிருக்காங்க."

அதே குரல் தொடர்ந்தது. "கடந்த மாதம் பதினேழாம் தேதி, முற்பகல் பதினொன்று இருபதுக்கு, கழுகுமலையைச் சேர்ந்த விவசாயி ஒருவரிடம் 'வருகிறேன்' என்று தாங்கள் வாக்களித்திருக்கிறீர்கள். அவரும் 'வாருங்கள்' என்று அழைத்திருக்கிறார். தாங்கள் சென்றீர்களா?"

"நான் எதுக்குக் கழுகுமலைக்குப் போகணும்?"

"அதே நாள் பதினொன்று முப்பத்தெட்டுக்கு, குருவிகுளம் விவசாயியிடம் 'வருகிறேன்'. சென்றீர்களா?"

"போகல."

"பதினொன்று ஐம்பதுக்கு இளையரசனேந்தல். 'வருகிறேன்'. சென்றீர்களா?"

"ஏ கூறுகெட்ட மிஷினே! ஒரு மணி நேரத்துல மூணு ஊருக்கு நான் என்ன பறந்தா போவேன்? அப்படி ஒரு வார்த்தை நான் சொல்லவே இல்ல. படத்துல வயலைப் பாக்கது என் வேலை. நேர்ல போறது என் வேலையே இல்ல. உன்னைச் செஞ்சவனை முதல்ல கூட்டிட்டு வா, அவன்கிட்ட பேசுதேன்."

அவள் திட்டுவது தெருவரைக்கும் கேட்டிருக்கும். கோமதிநாயகம் தலைக்கவசமும் இடுப்புக் கயிறுமாகப் பின்னறை வாசலில் வந்து நின்றார். கரிவலம்வந்தநல்லூர்ச் சாலையில் மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டதாம், கூப்பிட்டுவிட்டார்கள். மனைவியை இந்த நிலையில் விட்டுப் போக அவருக்கு மனசே இல்லை. தொந்தரவு செய்யக் கூடாதே என்று குரலைத் தாழ்த்தி, "செம்பா, நான் வாரேன்" என்றார். சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

சுவரில் இருந்த வட்டத்தில் நீல விளக்கு ஒரு முறை மின்னி அணைந்தது.

யாராவது வாக்குக் கொடுத்தால் நீல விளக்கு மின்னும் என்று அதை மாட்டிய அன்றே சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு போன் பேச்சும் முடியும்போது அது மின்னுவதை மூன்று வருடமாக அவள் பார்த்திருக்கிறாள். பேச்சு முடிந்ததற்காக மின்னுகிறது போல என்று விட்டுவிட்டாள். இப்போது பேசியது அவர். போனும் முடியவில்லை. அவர் என்ன வாக்குக் கொடுத்தார்?

செண்பகவல்லி வாசலையும் வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இரு, இரு, இரு" என்றாள். "இப்ப எங்க வீட்டுக்காரர் ஒண்ணு சொல்லிட்டுப் போனாரு, உனக்குக் கேட்டுதா?"

"'நான் வருகிறேன்' என்று சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது."

"ஆமா. சொல்லிட்டு எங்க இருக்காரு?"

"அந்தத் தகவல் என்னிடம் இல்லை."

"தெருவுல இருக்காரு! வாரேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு! நாங்க போகும்போது வாரேன்னுதான் சொல்லுவோம். போறேன்னு சொல்லவே மாட்டோம், சின்னப் பிள்ளைல நான் அப்படிச் சொன்னா எங்கம்மா வாயிலயே ஒண்ணு போடுவா. போனை வைக்கும்போதும் அதையேதான் சொல்லுதேன். நாப்பது பேருக்கும் சொல்லுதேன். உங்கிட்ட என் குரல் இருக்குல்ல? அதைப் போடு. எழுதினதை வாசிக்காத, குரலைப் போடு."

"பதிவை ஒலிக்கச் செய்ய எனக்கு அனுமதி உண்டு. இதுவரை அதற்குத் தேவை ஏற்பட்டதில்லை" என்றது குரல். சற்றுப் பொறுத்து, போனில் செண்பகவல்லியின் குரலே கேட்டது.

"சரிங்கண்ணாச்சி, படம் தெளிவா இருக்கு. மனுவை இன்னைக்கே அனுப்பிடுதேன். வாரேன்."

"நல்லதும்மா, வாங்க."

டக்கென்று போனை வைக்கும் சத்தம்.

அதே பதிவு மறுபடியும் ஓடியது, அப்புறம் இன்னொரு தடவை ஓடியது. மிஷின் கெட்டுப்போய்விட்டதோ என்று நினைத்தாள். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மிஷினுக்கு ஏது மூக்கு?

"அடக் கடவுளே!" என்றது அந்தக் குரல். "அடக் கடவுளே! அக்கா, நான் திருவாரூர்க்காரன்க்கா. எனக்கு இது தெரியாம போச்சே!" சொல்லிவிட்டு அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது.

செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ! நீங்க மனுஷரா? உங்களயா நான் கூறுகெட்டதுன்னு சொன்னேன்? தம்பி, ஏன் இப்படி மிஷின் மாதிரி பேசுதீங்க?"

"ரூல்க்கா. மறுஆய்வுல இருக்கறவங்க எழுத்துத் தமிழ்லதான் பேசணும். இல்லன்னா நிறைமானிக்கு விளங்காதாம். என் வீட்டுச் சுவத்துலயும் ஒண்ணு இருக்கு. நாலு வருஷமாச்சு, பேசிப் பேசி எனக்கே இதான் வாயில வருது. நீங்க வேலையில பேசறது எல்லாம் எழுத்துத் தமிழா மாத்திதான் எனக்கு வரும். வாரேன் எல்லாம் வருகிறேன்னு ஆயிடுது. அதைப் படிச்சுப் படிச்சு..."

"இருந்தாலும் உங்களுக்குத் தோணாதா? உங்க வீட்ல யாரும் வெளிய போகும்போது வர்றேன்னு சொல்றதில்லயா?"

"என் வீட்ல யாரு இருக்காக்கா? நான் ஒருத்தன். கூடுவாஞ்சேரில பதினொண்ணாவது மாடி. சாமான் கொண்டுவர்றவங்களும் கதவுக்கு வெளியவே வச்சிட்டுப் போயிடுவாங்க. நானும் எங்கயும் போறதில்ல. என்கிட்ட யாரும் சொல்லிக்கிட்டுக் கிளம்பி நாலு வருஷமாச்சு."

செண்பகவல்லிக்குத் தன் வழக்கு ஒரு கணம் மறந்தேபோயிற்று. அவன் மேலே பேசிக்கொண்டே போனான். அடைபட்ட குழாய் திறந்த மாதிரி வந்தது பேச்சு. சென்னைக்காரர்கள் எல்லாம் தொண்ணூறுக்கு மேல் வாங்கினார்களாம். ஏன் என்று இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அவர்கள் 'பை' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள்! சின்ன ஊர்களில் இருப்பவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒழுங்கு இல்லை என்று கம்பெனி ஒரு ஆய்வறிக்கையே தயாரித்துவிட்டதாம். அதில் இருந்த எண்கள் எல்லாம் இவன் கையெழுத்திட்ட எண்கள்.

"நூத்திப் பதினாலு பேரு, அக்கா. நானே விசாரிச்சு, நானே சரிதான்னு எழுதி, ஊரை விட்டுக் கிளப்பியிருக்கேன். ஒருத்தங்களோட குரலைக்கூட நான் போட்டுக் கேக்கலயே." இப்போது அவன் அழுதான், மறைக்கவும் இல்லை.

"தம்பி, அழுது என்ன செய்ய? எழுதுங்க" என்றாள் செண்பகவல்லி. "நூத்திப் பதினாலு பேருக்கும் எழுதுங்க. அதுல கோவில்பட்டி ரெஜினான்னு ஒருத்தி இருப்பா, அவ பேரை முதல்ல எழுதுங்க."

பதினைந்து நிமிடம் முடிந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. அவன் போனை வைக்க மனமில்லாமல் வைத்தான்.

அவன் எழுதினான். எழுதியது உடனே எடுபட்டுவிட்டதா என்றால் இல்லை. அளவுக் கருவியில் தவறு இருக்க முடியாது என்று சொல்லிக்கொண்டே சென்னையில் ஒரு குழு கூடியது. எட்டு நாள் போயிற்று. செண்பகவல்லி பெட்டியைக் கீழே இறக்கி வைத்தாள். கோமதிநாயகம் அதை மறுபடியும் பரணில் ஏற்றினார். அவள் இறக்க, அவர் ஏற்ற, இதுவே வேலையாக இருந்தது. ஒன்பதாம் நாள் குழுவின் தலைவர் அரை மணி நேரம் எதிர்த்துப் பேசினாராம். மனிதர்கள் சொல்வதில் பொருள் இருந்தே தீர வேண்டும், கருவி அதைத்தான் எடுத்துக்கொள்ளும், இதில் தவறே இல்லை என்று மேசையைத் தட்டினாராம். பேசி முடித்துப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், "சரிப்பா, எனக்கு வேற மீட்டிங் இருக்கு, நான் வரேன்" என்றாராம். சோதனைக்காக அந்த அறைச் சுவரில் மாட்டியிருந்த வட்டத்தில் நீல விளக்கு மின்னியதாம். குழுவில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அவர் கதவருகிலேயே நின்றுவிட்டாராம்.

மறுநாள் காலை கடிதம் வந்தது. சொல் தவறாமை தொண்ணூற்றெட்டு. காய்ச்சலில் தாமதமான அந்த ஒரு அழைப்புக்கு மட்டும் இரண்டு குறைத்திருந்தார்கள். பணியிடம், சங்கரன்கோவில், தற்போதைய இல்லம். அத்துடன் நூற்றுப் பதினான்கு பேருக்கும் விரும்பினால் வீடு திரும்பலாம் என்று உத்தரவு. ரெஜினா சென்னையிலிருந்து போனில் கூப்பிட்டு எதையோ சொல்லித் தேம்பினாள். செண்பகவல்லியும் தேம்பினாள். ஒருவர் பேசியது மற்றவருக்கு விளங்கவில்லை, ஆனால் எல்லாம் விளங்கியது.

கோமதிநாயகம் அப்போது கம்பத்தின் மேல் இருந்தார். இறங்கி வந்து போனை எடுத்தவர், "சரி, நல்லது" என்று மட்டும் சொன்னார். கல் நெஞ்சுக்காரர் என்று இவள் திட்டிக்கொண்டிருக்கும்போதே, பாதி வேலையில் அனுமதி வாங்கிக்கொண்டு, இரண்டு பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. வெயில் என்றார். அன்று மத்தியானம் மின்விசிறியை அவள் சொன்ன எண்ணிலேயே வைத்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை பதினோரு மணிக்கு தியாகேசன் கூப்பிட்டான்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? நிறைமானிக்குப் பேச்சுத் தமிழ் கத்துக்குடுத்தாங்கல்ல, அப்பவே எங்க ரூலையும் எடுத்துட்டாங்க. நானும் போன வாரம் முழுக்க நம்ம தமிழ்லயே பேசினேன். இப்ப என் மார்க்கு வந்துருக்கு. மனநிறைவு முப்பத்தேழு."

"முப்பத்தேழா?"

"இதுக்கு முன்னாடி நாலு வருஷமும் தொண்ணூத்தெட்டுக்கா. ஆபீஸுக்கு வரச் சொல்லிட்டாங்க. இன்னிக்குத்தான் சேர்ந்தேன்."

"ஐயோ தம்பி! என்னாலதானே? எனக்கு நல்லது பண்ணப் போயி, உங்களை வீட்டை விட்டுக் கிளப்பிட்டாங்களே! முறையீடு போடுங்க, நான் வந்து சாட்சி சொல்லுதேன்."

"அக்கா, ஐயோ, முறையீடெல்லாம் வேண்டாம்!" அவன் பதறிப்போனான். "ஆபீஸுக்கு வரேன்னு ரெண்டு தடவ நானே எழுதிக் கேட்டேன்க்கா. தனியா இருக்க முடியல, பைத்தியம் பிடிக்குதுன்னு எழுதினேன். என்ன பதில் தெரியுமா? உங்கள் மனநிறைவு தொண்ணூற்றெட்டு, எனவே உங்கள் கோரிக்கை உண்மைக்கு மாறானதுன்னு அனுப்பிட்டாங்க. சுவத்தைப் பாத்துக்கூடச் சொன்னேன், 'நான் மிகுந்த துயரத்தில் இருக்கிறேன்'னு. குரல்ல ஏத்தமும் இல்ல எறக்கமும் இல்ல பாருங்க, ரொம்ப அமைதியா இருக்கான்னு எழுதிக்கிச்சு."

அவன் பின்னால் ஒரே இரைச்சலாக இருந்தது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். யாரோ யாரையோ டீ குடிக்கக் கூப்பிட்டார்கள்.

"அங்க எப்படி இருக்கு?" என்றாள்.

"ஏசி குளுருதுக்கா. நிறுத்தச் சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. பக்கத்து சீட்டுல ஒருத்தர், காலைலேருந்து முறுக்கு தின்னுக்கிட்டே இருக்காரு. கடக் கடக்குனு சத்தம். எனக்கு ஒரு வேலை ஓடல. எரிச்சல் எரிச்சலா வருது." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "யார் மேலயாவது எரிச்சல் பட்டு எத்தனை நாளாச்சு தெரியுமாக்கா!"

அவன் குரல் அப்படி ஏறி இறங்கிற்று. அந்தப் பக்கம் முறுக்குக்காரர், "என்ன தம்பி, உமக்கும் ஒண்ணு வேணுமா?" என்று கேட்பது செண்பகவல்லிக்குத் தெளிவாகக் கேட்டது. "ரெண்டா குடுங்க சார்" என்றான் தியாகேசன்.